ஊசி தவறாமல் போடுகிறார், சுகர் மட்டும் அடங்கவில்லை

கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கிறவர். அப்பா உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார், வயது 68. மூன்று வருடமாக இன்சுலின். காலையில் 24 யூனிட், ராத்திரி 16, ஒரு வேளை விடாமல் தானே போட்டுக்கொள்கிறார். ஆனாலும் வெறும் வயிற்றில் சுகர் ஒரு நாள் 90 காட்டுகிறது, இன்னொரு நாள் 290. டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே வருகிறார். அப்பாவிடம் கேட்டால், "எல்லாம் எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பாரு" என்கிறாராம். ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் உண்மையில் எவ்வளவு தெரிந்து போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மதுரையில் ஒரு சுகர் கிளினிக்கில் 16 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இன்சுலின் ஊசி போடச் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் பாதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு என்ற இரண்டும் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு மேல் கேள்வி கேட்டால் சரியான பதிலும் பலரிடம் வரும், ஏனென்றால் அந்தப் பதிலை நாங்களேதான் சொல்லிக்கொடுத்திருப்போம். "இடத்தை மாத்தி மாத்திப் போடுறீங்களா?" என்றால் "ஆமா" என்பார்கள். அந்த ஆமாவை நான் நம்புவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் கேள்வியே கேட்பதில்லை. பாட்டிலையும் சிரிஞ்சையும் முன்னால் வைத்து, "வீட்ல எப்படிப் போடுவீங்களோ அப்படியே போட்டுக் காட்டுங்க" என்பேன். விஷயம் அப்போதுதான் வெளியே வரும்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அறுபதைத் தாண்டிய வயது, சுத்தமான வெள்ளை வேட்டி. டோஸ் காலையில் 34, ராத்திரி 28 வரை ஏறியிருந்தது. உங்கள் அப்பா மாதிரியேதான், ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே. போட்டுக் காட்டச் சொன்னேன். கையைக் கழுவினார், பாட்டில் மூடியைத் துடைத்தார், காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றினார். நானே பாராட்டும்படி இருந்தது. சட்டையைத் தூக்கினார். தொப்புளுக்கு வலது பக்கம் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு மேடு. கையைத் தேட விடாமல் நேராக அந்த மேட்டில் ஊசியை வைத்தார். "ஏன் அய்யா அந்த இடம்?" என்றேன். "அங்கிட்டு குத்துனா சுருக்குங்குதும்மா. இங்கிட்டு குத்துனா தெரியவே தெரியாது" என்றார்.

அவர் சொன்னது உண்மை, வலிக்காதுதான். ஒரே இடத்தில் இன்சுலின் திரும்பத் திரும்ப இறங்கினால் தோலுக்கு அடியில் கொழுப்பு திரண்டு கெட்டியாகிவிடும். அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். வலி இல்லை என்பதால் ஆள் மறுபடி மறுபடி அங்கேயே வருவார், மேடு இன்னும் பெருக்கும். அந்தக் கெட்டிக்குள் போன இன்சுலின் எப்போது ரத்தத்தில் கலக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் பாதி அங்கேயே தங்கிவிடும், சுகர் 300 ஆகும். இன்னொரு நாள் எதிர்பாராத நேரத்தில் சேர்ந்து இறங்கும், சுகர் குறைந்துபோய் நடுராத்திரியில் வேர்த்துக் கொட்டும். சீட்டில் எழுதிய எண்களை மட்டும் பார்க்கிற டாக்டர் டோஸை ஏற்றத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, காலையில் எண்பது பேர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது யார் சட்டையைத் தூக்கச் சொல்வது? ஆனால் தூக்கச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் அப்பா விஷயத்தில் என் முதல் சந்தேகம் இதுதான். ஊருக்குப் போனால் அவர் வயிற்றையும் தொடையையும் தடவிப் பாருங்கள். எல்லா மேடும் கண்ணுக்குத் தெரியாது. விரலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டு மெதுவாக அழுத்தி ஓட்டினால், சப்பாத்தி மாவில் பிசையாத கட்டி தட்டுப்படுவது போலத் தட்டுப்படும்.

இங்கே என் சொந்தத் தப்பு ஒன்றைச் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி மேடு இருந்த ஒருவரிடம், "இனிமே இந்த இடத்துல போடாதீங்க, தொடையில போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டோஸைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல தோலில் போட்டதும் அந்த முழு டோஸும் உள்ளே போனது. இரண்டாம் நாள் விடியற்காலை அவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுகர் 38. பிழைத்துக்கொண்டார். இடம் மாற்றினால் டோஸ் குறையவேண்டி வரலாம், அதை டாக்டர்தான் சொல்லவேண்டும், முதல் இரண்டு வாரம் அடிக்கடி சுகர் பார்க்கவேண்டும். அன்றிலிருந்து இதைச் சொல்லாமல் நான் யாரையும் இடம் மாற்றச் சொன்னதில்லை.

இடம் மாற்றுவது என்றால் நேற்று வயிறு, இன்று கை, நாளை தொடை என்று ஊர் சுற்றுவதும் இல்லை. வயிற்றில் போட்டால் சீக்கிரம் இழுக்கும், தொடையில் மெதுவாக இழுக்கும். காலைக்கு வயிறு, ராத்திரிக்குத் தொடை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பகுதிக்குள் நேற்றுக் குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிக் குத்தவேண்டும். நாற்று நடுகிற மாதிரி வரிசையாக நகர்ந்து போங்கள் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உடனே புரிகிறது. தொடையில் போட்ட கையோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு வயலுக்குப் போனால் அன்றைக்கு இன்சுலின் வேகமாக இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

அடுத்தது பாட்டிலும் சிரிஞ்சும். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் திருப்தி வராது. நம் ஊரில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு திறத்தில் வருகிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது ஒன்று. அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கிடைக்கிற 10 மில்லி பாட்டில் 40 வகை, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பென் என்கிற பேனா மாதிரி ஊசிக்கருவியில் போடுகிற மருந்துக் குழாய், அதாவது கார்ட்ரிட்ஜ், 100 வகை. 100 வகைக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பாட்டிலை ஓரிடத்தில் வாங்கி, சிரிஞ்சை வழியில் இருக்கிற மருந்துக்கடையில் "இன்சுலின் சிரிஞ்சு ஒண்ணு குடுங்க" என்று வாங்கும்போது கதை மாறுகிறது. கடைப்பையன் கைக்கு எது வந்ததோ அதைக் கொடுப்பான்.

மேலூரிலிருந்து வந்த ஓர் அம்மா, காலை 12, ராத்திரி 8 போடுகிறவர். பேச்சுவாக்கில், "பக்கத்து வீட்டுக்காரிக்கு மாசம் ரெண்டு பாட்டில் ஆகுது தாயி, எனக்கு ஒரு பாட்டிலு ஒன்றரை மாசத்துக்கு மேல வருது" என்று பெருமையாகச் சொன்னார். நான் பேனாவை எடுத்தேன். பாட்டிலில் மொத்தம் 400 யூனிட். ஒரு நாளைக்கு 20 என்றால் 20 நாளில் தீரவேண்டும். இவருக்கு 50 நாள் வருகிறது. பையைத் திறந்து சிரிஞ்சைக் காட்டச் சொன்னேன், ஆரஞ்சு மூடி. அதில் 12 என்ற கோடு வரைக்கும் 40 வகை மருந்தை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட்கூட இல்லை. இரண்டரை மடங்கு குறைவு. மாதக்கணக்கில் அவர் 20 யூனிட் போடுவதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம், உடம்புக்குப் போனது 8 யூனிட்.

இதைத் திருப்பிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. பென் உடைந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். அப்படிச் செய்யவே கூடாது, பென் மருந்து பென்னுக்குத்தான். மேலூர் அம்மா மாதிரி தவறான சிரிஞ்சிலேயே டோஸ் ஏறிப்போனவர்களுக்கும் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. வேறு ஏதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேரும்போது, அங்கே சீட்டில் உள்ள டோஸைச் சரியான சிரிஞ்சில் போட்டுவிடுவார்கள், வழக்கமாகப் போனதைப் போல இரண்டரை மடங்கு உள்ளே போகும்.

உங்கள் அப்பாவின் கணக்கு ஒரு நாளைக்கு 40 யூனிட். சரியாகப் பத்து நாளில் ஒரு பாட்டில் காலியாகவேண்டும். போனிலேயே கேட்டுவிடலாம்: "அப்பா, போன பாட்டில் எப்ப திறந்தீங்க?"

கண் விஷயமும் இதோடு சேர்ந்தது. சிரிஞ்சில் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி கடுகளவு. கண்ணில் புரை விழுந்த 68 வயதுக்காரர் காலை ஆறு மணிக்கு அடுப்படி வெளிச்சத்தில் 24-ஐயும் 26-ஐயும் பிரித்துப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மதுரைக்காரர்களுக்குக் கண்ணைக் காட்ட இடம் தேடவேண்டியதில்லை. 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் இது. ஆனால் கண்ணைக் காட்டப் போகிறவர்கள் அங்கே "நான் இன்சுலின் நானே போட்டுக்கிறேன்" என்று சொல்வதில்லை, எங்களிடம் வரும்போது "கண்ணு சரியாத் தெரியல" என்று சொல்வதில்லை. பென்னாக இருந்தால் யூனிட்டுக்கு ஒரு 'டிக்' என்று காதால் எண்ணலாம், பார்வை குறைந்தவர்களுக்கு நான் பென்னைத்தான் சொல்வேன். அப்புறம், ஊசி ஆரம்பித்ததும் கண் மங்கினால் பயந்து நிறுத்தாதீர்கள். நாள்பட ஏறியிருந்த சுகர் இறங்கும்போது கண் லென்ஸில் உள்ள நீர் மாறும், சில வாரத்தில் சரியாகிவிடும். அதற்குள் புதுக் கண்ணாடி வாங்குவது வீண். சரியாகாவிட்டால் விழித்திரையைப் பார்க்கவேண்டும்.

காலையும் ராத்திரியும் என்று இரண்டு வேளை போடுவதைப் பார்த்தால் உங்கள் அப்பாவுடையது பால் மாதிரி இருக்கும் கலவை மருந்தாக இருக்கவேண்டும். 30/70 என்று எழுதியிருக்கும். 30 பங்கு சீக்கிரம் வேலை செய்வது, 70 பங்கு மெதுவாக வேலை செய்வது. அந்த 70 அடியில் படிந்துவிடும். மதுரைக்காரர்களிடம் நான் ஜிகர்தண்டாவை வைத்துத்தான் இதைச் சொல்வேன், சுகர்காரர்களிடம் ஜிகர்தண்டா பேச்சா என்று டாக்டர் முறைப்பார். கலக்காமல் குடித்தால் மேலே வெறும் பால் வரும், பிசின் அடியிலேயே கிடக்கும் இல்லையா, அதே கதைதான். கலக்காமல் இழுத்தால் ஒரு நாள் ஒரு மாதிரி, இன்னொரு நாள் வேறு மாதிரி போகும். பருப்பு மத்தை உருட்டுகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தவேண்டும். இருமல் மருந்தைக் குலுக்குவது போலக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். உருட்டிய பிறகும் கண்ணாடியில் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தால் அந்தப் பாட்டில் கெட்டுப்போனது.

கெட்டுப்போவது என்றதும் வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். கத்திரியில் மதுரை 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். திறக்காத பாட்டில் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், பிரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். பிரீசரில் ஒருபோதும் வைக்கக் கூடாது. உறைந்து இளகிய இன்சுலின் பார்க்க நன்றாகவே இருந்தாலும் சரியாக வேலை செய்யாது. திறந்த பாட்டில் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான வகைகளுக்கு நாலு வாரம் தாங்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? மண்பானை. பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மூடி போட்ட டப்பாவில் பாட்டில். மணல் காயாமல் தண்ணீர் தெளித்து நிழலில் வைத்தால் போதும். டப்பா இல்லாமல் பாட்டிலைக் குடிதண்ணீர்ப் பானைக்குள் நேராகப் போட்டு, லேபிள் எல்லாம் ஊறிக் கழன்று, எது எந்த மருந்தென்றே தெரியாமல் கொண்டுவந்தவரையும் பார்த்திருக்கிறேன். பைக் சீட்டுக்கு அடியில் வைத்து வெயிலில் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ தேவலை.

சாப்பாட்டு நேரம்தான் எனக்கு அதிகம் கவலை தருவது. பழைய வகைக் கலவை மருந்து என்றால் ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அரை மணி நேரம். இட்லிச்சட்டியை அடுப்பில் ஏற்றும்போது ஊசி, இட்லி வெந்து தட்டுக்கு வரும்போது சாப்பாடு, கிட்டத்தட்டச் சரியாக வரும். அனலாக் என்று எழுதுகிற புது வகை என்றால் தட்டு முன்னால் வந்த பிறகு போடலாம். அப்பாவுடையது எது என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இந்த ஊரில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுடச்சுட இட்லி கிடைக்கும். எட்டு மணிக்கு ஊசியைப் போட்டுவிட்டு, சீரியல் முடியட்டும் என்று பத்து மணிக்குச் சாப்பிட உட்காருகிறவர்கள் நிறைய. சித்திரைத் திருவிழாவில் வருடா வருடம் பார்ப்பேன். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நடுராத்திரியே வைகைக் கரைக்கு வந்துவிடுவார்கள், விடிந்ததும் பையிலிருந்து பென்னை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள், கூட்டத்தில் காலைச் சாப்பாடு பத்து மணிக்குத் தள்ளிப்போகும். கிறக்கமாக வருகிறது என்று உட்கார்ந்துவிடுவார்கள். ஊசி கடிகாரத்தோடு போவதில்லை, சாப்பாட்டோடு போவது. இது பல வருடம் போட்டுப் பழகியவர்களுக்குக்கூடப் புரிந்திருப்பதில்லை.

அந்தக் கிறக்கம், வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் வந்தால், மீட்டர் இருந்தால் பாருங்கள், 70-க்குக் கீழே என்றால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். மீட்டர் இல்லையென்றால் அறிகுறியை நம்பிக் குடித்துவிடலாம். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. பலர் சட்டைப்பையில் கடலைமிட்டாய் வைத்திருப்பார்கள். அதில் இருக்கிற கடலையின் எண்ணெய் சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும், இந்த அவசரத்துக்கு அது தோதுப்படாது. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யவேண்டும். உங்கள் அப்பா தனியாக இருக்கிறார் என்பதால் இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

ஒரே ஊசியை எத்தனை தடவை? ஒரு ஊசி ஒரு தடவை என்பதுதான் விதி. மாதம் 60 ஊசி வாங்கச் சொன்னால் பாதிப் பேர் தலையாட்டிவிட்டு மூன்று ஊசியில் மாதத்தை ஓட்டுவார்கள். கோபித்துக்கொண்டு என்ன பயன்? முனை மழுங்கிய ஊசியால்தான் மேடு சீக்கிரம் வருகிறது என்று காரணத்தைச் சொல்லி, வலிக்க ஆரம்பிக்கும் முன்னால் மாற்றுங்கள், அடுத்தவர் ஊசியை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள் என்பேன். போட்ட ஊசி காலி பினாயில் பாட்டிலுக்குள் போகவேண்டும். குப்பையில் விட்டெறிந்தால் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். பாட்டில் நிறைந்ததும் மூடி ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடலாம்.

கிட்னி போய்விடும் என்ற பயத்தில் டோஸைத் தானாகக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இன்சுலின் கிட்னியைக் கெடுக்காது, கட்டுப்படாத சுகர்தான் கெடுக்கும். கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், அதனால் டாக்டர் டோஸைக் குறைப்பார். இந்தக் குறைப்பைப் பார்த்துத்தான் ஊரில் அந்தப் பேச்சு கிளம்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் அப்பாவிடம் "சரியாப் போடுறீங்களா" என்று கேட்காதீர்கள், அவருக்கு ரோஷம் வரும். அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய், "நாளைக்கு எனக்கும் வரலாம்ப்பா, ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, கத்துக்கிறேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். சுகர் குடும்பத்தில் ஓடுகிற நோய், அது பொய்யும் இல்லை. மூடி என்ன நிறம், உருட்டுகிறாரா, கை எந்த இடத்துக்குத் தானாகப் போகிறது, குத்தியதும் பத்து எண்ணுகிறாரா, இல்லை உடனே உருவி இடத்தைத் தேய்க்கிறாரா என்று பேசாமல் பாருங்கள். நடுவில் திருத்தவேண்டாம். பிறகு பாட்டில், சிரிஞ்சு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவரோடு டாக்டரிடம் போங்கள். மேடு இருந்தால் அதைச் சொல்லுங்கள், டோஸ் என்ன ஆகவேண்டும் என்று கேளுங்கள், அதுவரை இடத்தை மாற்றவேண்டாம். டாக்டர் அவசரத்தில் சீட்டை மட்டும் பார்த்தால், அப்பாவைச் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.